வைசிராய்களும் விஷ்ணுவும் ஒரே கூரையில்

பழைய கோவாவின் தேவாலயங்கள் காலனி ஆட்சியின் கதையைப் பாதிதான் சொல்கின்றன. மீதியைச் சொல்ல வேண்டிய மியூசியங்கள் இன்னும் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கின்றன.

மாடிப்படி ஏறி முடித்ததும் எதிரே நிற்பவை கண்கள். நீண்ட கூடத்தின் சுவர் முழுக்க ஆளுயர ஓவியங்கள். இரும்புக் கவசம், வெல்வெட் மேலங்கி, இடுப்பில் வாள், தாடிக்குள் புதைந்த இறுகிய உதடுகள். சுமார் 60 பேர். அத்தனை பேரும் கோவாவை ஆண்ட போர்ச்சுக்கீசிய கவர்னர்கள், வைசிராய்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு கிடையாது. பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலா வந்த பிள்ளைகள் இந்தக் கூடத்தில் நுழைந்ததும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். 450 வருட அதிகாரத்தின் மிச்சம் அந்தக் கண்களில் இருக்கிறது.

அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வேறொருவர் நிற்கிறார். கருங்கல்லில் செதுக்கிய விஷ்ணு. சுற்றிலும் திருவாசியில் பத்து அவதாரங்கள். கோவாவைக் கதம்பர்கள் ஆண்ட காலத்துக் கைவேலை. பக்கத்தில் நடுகற்கள், சதிக்கற்கள். ஒரு நடுகல்லில் கப்பல் போரே நடக்கிறது.

இந்தக் கட்டடம் கட்டப்பட்டது விஷ்ணுவுக்காகவும் அல்ல, வைசிராய்களுக்காகவும் அல்ல. இது பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம். பக்கத்துச் சுவருக்கு அப்பால் அவர்களுடைய புனித அசிசி பிரான்சிஸ் தேவாலயம். 1964ல் இந்திய தொல்லியல் துறை இந்த மடத்தில் மியூசியத்தைத் தொடங்கியது. தோற்றவரின் கடவுளும் வென்றவரின் படங்களும் ஒரு கிறிஸ்துவ மடத்தில் ஒன்றாகக் குடித்தனம் நடத்தும் காட்சியை இந்தியாவில் வேறெங்கும் பார்ப்பது கடினம். ஆனால் இந்த மூன்று பேருக்கும் இடையே என்ன நடந்தது என்பதைத்தான் யாரும் அங்கே உரக்கச் சொல்வதில்லை.

பனாஜியிலிருந்து பழைய கோவா 10 கிலோமீட்டர்கூட இல்லை. ரிபந்தர் வழியாகப் போகும் பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் இறக்கிவிட்டுவிடும். வழியில் மாண்டவி ஆற்றை ஒட்டிய சதுப்பு நிலத்தின்மீது நீளமான கல்பாலம் ஒன்று வருகிறது. 1630களில் லின்யாரஸ் பிரபு என்ற வைசிராய் காலத்தில் கட்டியது. இன்றைக்கும் பஸ், லாரி எல்லாம் அதன்மேல்தான் ஓடுகின்றன. காலனி ஆட்சியை மறக்க விரும்புகிறவர்களும் அந்தப் பாலத்தைத் தவிர்க்க முடிவதில்லை.

பழைய கோவாவை ஊர் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். லிஸ்பனுக்கே இணை என்று பேர்வாங்கிய தலைநகரம் ஒரு காலத்தில் இங்கே இருந்தது. கோவாவைப் பார்த்தவனுக்கு லிஸ்பனைப் பார்க்கும் அவசியம் இல்லை என்று போர்ச்சுக்கீசியர்களே பழமொழி சொன்னார்கள். பிறகு மலேரியாவும் தொற்றுநோயும் வந்தன, வியாபாரம் போயிற்று, ஜனங்களும் போனார்கள். 1843ல் தலைநகர் அந்தஸ்து அதிகாரபூர்வமாகப் பனாஜிக்குப் போனது. வீடுகளும் கடைவீதிகளும் மண்ணோடு மண்ணாகிவிட, மிஞ்சியவை தேவாலயங்கள் மட்டும். மனிதர்கள் இல்லாத ஊரில் பிரம்மாண்டமான தேவாலயங்கள், இடையிடையே தென்னை மரங்கள், நன்றாக வெட்டிய புல்வெளி. யுனெஸ்கோ 1986ல் இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது.

நடக்கத் தொடங்க வேண்டிய இடம் படகுத்துறை. அங்கிருந்து ஊருக்குள் வரும் பாதையில் வைசிராய் வளைவு நிற்கிறது. வாஸ்கோ ட காமாவின் கொள்ளுப்பேரன் பிரான்சிஸ்கோ ட காமா வைசிராயாக இருந்தபோது எழுப்பியது. ஆற்றைப் பார்த்த பக்கத்தில் கொள்ளுத்தாத்தாவின் சிலை. ஊரைப் பார்த்த பின்பக்கத்தில் வாள் ஏந்திய ஐரோப்பியப் பெண் ஒருத்தி. அவள் காலடியில் விழுந்து கிடப்பவன் ஓர் இந்தியன். பெரும்பாலான பயணிகள் முன்பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு வளைவுக்குள் நடந்து போய்விடுகிறார்கள். திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. இதில் இன்னொரு வேடிக்கை: இப்போது நிற்கும் வளைவு முழுக்கப் பழையதும் அல்ல. 1954ல் புதுப்பித்துக் கட்டியது. ஆசியாவில் ஒவ்வொரு நாடாக விடுதலை அடைந்துகொண்டிருந்த நேரத்தில், காலடியில் கிடந்த இந்தியனையும் மறக்காமல் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

அல்புகர்க் 1510 நவம்பர் 25 அன்று பீஜப்பூர் சுல்தானிடமிருந்து கோவாவைப் பிடித்தார். அவருக்குத் துணை நின்றவர்களில் திம்மய்யா என்ற இந்து தளபதியும் உண்டு. அன்று புனித கத்தரீன் திருநாள். நகரத்தில் இருந்த முஸ்லிம்களை நான்கு நாள் வாளுக்கு இரையாக்கியதை அல்புகர்க்கே தன் மன்னருக்கு எழுதிய கடிதத்தில் பெருமையோடு சொல்லியிருக்கிறார். வென்ற நாளுக்கு நன்றியாகக் கத்தரீனுக்குச் சிறு ஆலயம் எழும்பியது. பிறகு அதை விரிவாக்கிய கவர்னர் ஜார்ஜ் கப்ரால், இந்த இடத்தின் வாசல் வழியாகத்தான் அல்புகர்க் நுழைந்து நகரைப் பிடித்தார் என்று 1550ல் கல்லில் எழுதி வைத்தார். மைதானத்தின் நடுவே நிற்கும் சே கதீட்ரலும் அதே கத்தரீனுக்குத்தான் அர்ப்பணம். 1562ல் தொடங்கிய வேலை முடிய அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. இரண்டு கோபுரங்களில் ஒன்று 1776ல் விழுந்துவிட்டது. மிஞ்சிய கோபுரத்தில் பெரிய மணி இருக்கிறது. அதன் நாதத்துக்காக அதைத் தங்கமணி என்கிறார்கள்.

ஒரு படையெடுப்பின் வெற்றித்தூண் கதீட்ரலாக நிற்கிறது என்று இதை எளிமையாகச் சொல்லலாம். தப்பில்லை. ஆனால் கதை அதைவிடச் சிக்கலானது. போர்ச்சுக்கல் மன்னருக்குப் போப்பாண்டவர் கொடுத்த 'பத்ரவாதோ' என்ற உரிமையின்படி, கிழக்கு நாடுகளில் திருச்சபைக்குப் புரவலர் மன்னர்தான். ஆயரைப் பரிந்துரைப்பது, சம்பளம் கொடுப்பது, தேவாலயம் கட்டுவது எல்லாம் அரசு வேலை. சிலுவை ஒரு கையில், கணக்குப் புத்தகம் மறு கையில். அந்த ஏற்பாட்டின் நீட்சி சென்னைக்கும் தெரிந்ததுதான். சாந்தோம் மறைமாவட்டம் 1606ல் உருவானதும் இதன்படியே. நாடு சுதந்திரம் அடைந்த பிறகு 1952ல்தான் அது சென்னையோடு இணைந்தது.

கதீட்ரல் மைதானத்தில் வெறுமையாகத் தெரியும் ஓர் இடம் முக்கியமானது. அங்கே ஒரு மாளிகை இருந்தது. முதலில் பீஜப்பூர் சுல்தானுடையது. பிறகு கவர்னர்கள் வசித்தார்கள். 1560ல் அதற்குள் குடிவந்தது இன்க்விசிஷன் என்ற மத விசாரணை மன்றம். திருமுழுக்குப் பெற்ற பிறகும் பழைய வழக்கங்களை விடாதவர்களைப் பிடித்து விசாரிப்பது அதன் வேலை. முதலில் சிக்கியவர்கள் யூத மதத்திலிருந்து மாறியவர்கள். பிறகு கூட்டம் கூட்டமாக உள்ளூர் ஆட்கள். துளசிச் செடி வைப்பது, கல்யாணத்தில் பழைய பாட்டுப் பாடுவது, வேட்டி கட்டுவதுகூடப் பின்னாளில் குற்றப்பட்டியலில் ஏறியது. 1684ல் கொங்கணி மொழியையே கைவிடச் சொல்லி வைசிராய் ஆணை போட்டார். நடுவில் நான்கு வருடம் நின்றது போக, 1812 வரை மன்றம் ஓய்வில்லாமல் வேலை செய்தது. வழக்குகள் 16,000க்கும் மேல்.

மன்றம் மூடப்பட்டபோது பெரும்பாலான ஆவணங்களை எரித்துவிட்டார்கள். மாளிகையும் 19ஆம் நூற்றாண்டில் இடிந்து போனது. எஞ்சியவை சாட்சிகள். சார்ல்ஸ் டெல்லான் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1670களில் இந்தச் சிறையில் கிடந்து, ஊருக்குத் திரும்பியபின் 1687ல் தன் அனுபவத்தைப் புத்தகமாகப் போட்டார். ஐரோப்பாவே அதிர்ந்தது. இன்னொரு சாட்சி பேச வாய் இல்லாதவர். இந்திய மூலிகைகளைப் பற்றி 1563லேயே கோவாவில் புத்தகம் அச்சிட்ட கார்ஸியா டி ஒர்ட்டா. அவர் 1568ல் காலமானார். யூத மதத்தை ரகசியமாகக் கடைப்பிடித்தார் என்று சொல்லி, 1580ல் கல்லறையைத் தோண்டி எலும்புகளை எடுத்து எரித்தார்கள். அவர் சகோதரியை அதற்கு முன்பே உயிரோடு எரித்தாகிவிட்டது. பனாஜியில் தேவாலயப் படிக்கட்டுகளுக்கு எதிரே உள்ள நகராட்சிப் பூங்காவுக்கு இப்போது ஒர்ட்டாவின் பெயர். மாலை நேரங்களில் குழந்தைகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு ஓடுகிறார்கள்.

மைதானத்தில் மாளிகை இருந்த இடத்தைத் தேடி வருபவர்கள் கண்ணில் படுவது கருங்கல் வாசல் ஒன்று. அதன் கற்களில் கோயில் சிற்பத்தின் சாயல் தெரியும். கோயிலிலிருந்து சுல்தானுக்கு, சுல்தானிடமிருந்து வைசிராய்க்குக் கை மாறிய வாசல் அது. சற்றுத் தள்ளிச் சாலையோரத்தில் நிற்கும் கருங்கல் தூணை உள்ளூர்க்காரர்கள் 'கை வெட்டும் கம்பம்' என்கிறார்கள். விசாரணை மன்றம் அங்கேதான் தண்டனை கொடுத்தது என்பது ஒரு சாரார் வாதம். அது சாதாரணக் குற்றவாளிகளைக் கட்டி வைக்கும் நகரத் தூண், அவ்வளவுதான் என்பது மறு சாரார் வாதம். தூண் பழைய கோயிலின் கற்களால் ஆனது என்பதில் பெரிதாகத் தகராறு இல்லை.

இத்தனையும் தெரிந்துகொண்டு மியூசியத்துக்குத் திரும்பினால் ஏமாற்றம் பிடித்துக்கொள்கிறது. கீழே விஷ்ணு எந்தக் கோயிலில் இருந்தவர், அந்தக் கோயிலுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு மேலே இருக்கும் கனவான்களில் சிலர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். 1540களில் கோவா தீவின் கோயில்கள் இடிபட்டன. 1560களில் சால்செட் பகுதியில் அதே கதை. கோயில் நிலங்களின் வருமானம் தேவாலயங்களுக்குத் திருப்பிவிடப்பட்டது. படங்களில் கவர்னரின் பெயரும் பதவியும் குலச்சின்னமும் அப்போதே எழுதி வைத்தவை. அவற்றுக்கு அப்பால் சொல்ல வேண்டியதை விடுதலை பெற்ற தேசத்தின் மியூசியம்தான் சொல்லியாக வேண்டும். யார் எந்த ஆணையில் கையெழுத்துப் போட்டார் என்று ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டு வரி எழுதினால் போதும், கூடத்தின் அர்த்தமே மாறிவிடும். இன்க்விசிஷனுக்கு என்று தனிக் கூடம் கிடையாது. 252 வருட நிகழ்ச்சிக்கு ஓர் அறைகூட இல்லை.

இந்தப் படங்கள் உருவான கதையே ஒரு கண்காட்சிக்குத் தேறும். 1547ல் கவர்னராக இருந்த ஜோவாவ் டி காஸ்ட்ரோ, தனக்கு முன்பு ஆண்ட எல்லோரையும் வரைந்து மாட்டச் சொன்னார். வரலாறு எழுதிய காஸ்பர் கொரையா மேற்பார்வை. வரைந்தவர் உள்ளூர் ஓவியர். அந்த ஓவியரின் பெயரைத்தான் யாரும் குறித்து வைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் பல படங்களின்மேல் புதிதாக வண்ணம் அடித்தார்கள். 1950களில் லிஸ்பனுக்குச் செப்பனிடப் போன சில படங்கள் அங்கேயே தங்கிவிட்டன. ஆண்டவர்களின் முகங்களை நமக்குத் தந்தவன் முகம் தெரியாத ஒரு கோவாக்காரன்.

மியூசியம் நுழைவிலேயே அல்புகர்க்கின் பெரிய வெண்கலச் சிலை. உள்ளே மற்றொரு வெண்கலம், கையில் ஏட்டோடு நிற்கும் கவிஞர் கமாயிஷ். வாஸ்கோ ட காமாவின் பயணத்தைக் காவியமாக்கியவர். கோவாவில் சில வருடம் வாழ்ந்தவர், கஷ்டப்பட்டவரும்கூட. விடுதலைக்கு ஒரு வருடம் முன்பு, 1960ல், போர்ச்சுக்கீசியர்கள் அந்தச் சிலையைத் தேவாலயங்களின் நடுவே வெட்டவெளியில் வைத்தார்கள். 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் வந்த பிறகும் சிலை அங்கேயே 20 வருடம்போல நின்றது. விடுதலைப் போராட்ட வீரர்களின் எதிர்ப்பு வலுத்த பின் 1980களில் மியூசியத்துக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். பொது இடத்தில் நின்றால் மரியாதை, கூரைக்குக் கீழே நின்றால் சரித்திரம். இந்தச் சின்ன வித்தியாசத்தைக் கோவா அப்போதே புரிந்துகொண்டது. பனாஜி ஆசாத் மைதானத்திலும் இதே கதைதான். ஒரு காலத்தில் அல்புகர்க்குக்காகக் கட்டிய மண்டபத்தில் இன்று அவர் இல்லை. அவர் இடத்தில் இருப்பது கோவா தேசியத்தின் தந்தை என்று போற்றப்படும் திரிஸ்தாவ் டி பிரகான்ஸா குன்ஹாவின் நினைவிடம்.

குன்ஹா ஒரு கத்தோலிக்கர் என்பதைக் கவனிக்க வேண்டும். கோவாவில் காலனி எதிர்ப்புக்கும் திருச்சபைக்குள்ளிருந்து ஒரு வரலாறு உண்டு. 1787ல் காண்டோலிமில் பிண்டோ குடும்பத்தை மையமாக வைத்து ஆட்சியைக் கவிழ்க்கச் சதி நடந்தது. முன்னின்றவர்களில் பாதிரிமார்கள் பலர். தோல் நிறத்தைக் காரணம் காட்டிப் பதவி உயர்வு மறுக்கப்பட்ட கோவா பாதிரிமார்கள். சதி அம்பலமானதும் பாதிரிமார்களை லிஸ்பன் சிறைகளுக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்களில் 15 பேரைக் கொடூரமாகக் கொன்றார்கள். ஐரோப்பியத் துறவு சபைகள் உள்ளூர்க்காரர்களைச் சேர்க்க மறுத்த காலத்தில், கோவா பாதிரிமார்கள் தங்களுக்கென்று ஒரு சபையை அமைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து புறப்பட்ட ஜோசப் வாஸ் 1687ல் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணக் கரையில் இறங்கினார். தமிழ் கற்று, டச்சுக்காரர்களின் கண்ணில் மண்ணைத் தூவிக் கத்தோலிக்கர்களைக் காப்பாற்றினார். 2015ல் கொழும்பில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். தேவாலயம் என்றாலே வெள்ளைக்காரன் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்தப் பெயர்கள் தொந்தரவு கொடுக்கும். காலனி ஆட்சியும் மதமும் ஒன்றே என்று பெருமைப்பட்டவர்களுக்கும்தான்.

குன்றின்மேல் இருக்கும் இன்னொரு மியூசியம் இந்த விஷயத்தைக் கொஞ்சம் நுட்பமாகக் கையாளுகிறது. சாந்தா மோனிகா கன்னியர் மடத்தில் உள்ள கிறிஸ்துவக் கலை அருங்காட்சியகம். 1994ல் ராஷோல் குருமடத்தில் தொடங்கி, 2002ல் இங்கே இடம்பெயர்ந்து, பெரிய சீரமைப்புக்குப் பின் 2022ல் மறுபடி திறந்தது. லிஸ்பனின் குல்பென்கியன் அறக்கட்டளை இதற்குக் கை கொடுத்தது. இங்கே ஆவேசமான பிரகடனங்கள் கிடையாது. ஆனால் பொருள்கள் பேசுகின்றன. தந்தத்தில் செதுக்கிய நல்ல மேய்ப்பன், கன்னத்தில் கை வைத்துக் கண்மூடி உட்கார்ந்திருக்கும் குழந்தை இயேசு. தியானத்தில் இருக்கும் புத்தர் என்றே ஒரு கணம் தோன்றும். உலக உருண்டையின்மேல் சிறகு விரித்த வெள்ளிப் பெலிகன் பறவை. கோவாவின் தேவாலயப் பிரசங்க மேடைகளையோ பல இடங்களில் நாகினிகள் தாங்குகிறார்கள்.

செதுக்கியவர்கள் யார்? பெரும்பாலும் இந்து ஆசாரிகள், தட்டான்கள். கிறிஸ்துவ உருவங்களை இந்துக்கள் செய்யக் கூடாது என்று 16ஆம் நூற்றாண்டிலேயே தடை போட்டார்கள். திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஒரே தடையைத் திரும்பத் திரும்பப் போட்டால் அதை யாரும் மதிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? சொந்தக் கோயில் இடிந்து, குலதெய்வம் ஆற்றுக்கு அக்கரை போன பிறகும், அந்த ஆசாரி மாதாவின் முகத்தை அத்தனை பொறுமையாகச் செதுக்கியிருக்கிறான். வயிற்றுப்பாடா, தொழில் கர்வமா, பக்தியா? கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தந்தம் வாயைத் திறப்பதில்லை.

அக்கரை போன தெய்வங்களைப் பார்க்கப் பொண்டா வட்டாரத்துக்குப் போக வேண்டும். குஷஸ்தலியிலிருந்து மங்கேஷ், கேளோஷியிலிருந்து சாந்தா துர்கா, வெர்ணாவிலிருந்து மகாலஸா. பக்தர்கள் இரவோடிரவாகத் தூக்கிக்கொண்டு, போர்ச்சுக்கீசியர் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் வைத்த தெய்வங்கள். இன்று கோவாவின் பெரிய கோயில்கள் இவைதான். இன்னொரு ஆச்சரியம், இந்தக் கோயில்களின் குவிமாடம், ஜன்னல் வளைவு, தொங்கும் சரவிளக்கு எல்லாவற்றிலும் தேவாலயத்தின் சாயல் அடிக்கிறது. துரத்தியவனின் கட்டடக் கலையும் தெய்வத்தின் பின்னாலேயே ஆற்றைத் தாண்டி வந்திருக்கிறது.

இதை நினைவில் வைத்துக்கொண்டு சமீபத்திய அரசியலைப் பார்க்க வேண்டும். போர்ச்சுக்கீசியர்கள் இடித்த கோயில்களைத் திரும்பக் கட்டுவதற்கு 2022ல் கோவா அரசு பட்ஜெட்டில் 20 கோடி ரூபாய் ஒதுக்கியது. எவை எங்கே இருந்தன என்று ஆராயக் கமிட்டியும் போட்டது. 2023 பிப்ரவரியில் நார்வே சப்தகோடேஸ்வர் கோயில் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தது. திவார் தீவில் இடிபட்டு, அக்கரைக்குப் போய், 1668ல் சத்ரபதி சிவாஜியால் எழுப்பப்பட்ட கோயில் அது. அதுவரை சரி. அந்த ஜூன் மாதம் முதல்வர் பிரமோத் சாவந்த், போர்ச்சுக்கீசிய அடையாளங்களைத் துடைத்தெறியும் நேரம் வந்துவிட்டது என்ற பொருளில் பேசினார். எதைத் துடைப்பது? ரிபந்தர் பாலத்தையா? மங்கேஷ் கோயில் குவிமாடத்தையா? 2011 கணக்கெடுப்பின்படி கோவாவில் நான்கில் ஒருவர் கிறிஸ்துவர். இந்தப் பேச்சு கட்டடங்களோடு நிற்காது என்ற பயம் அவர்களுக்கு உண்டு. அந்தப் பயமே திருச்சபையின் வாயை இன்னும் இறுக்கமாகக் கட்டிவிடுகிறது. வாசலில் கடப்பாரையோடு ஒருவன் நிற்கும்போது, வீட்டுக்குள் நடந்த தப்பைப் பற்றி யார் நிதானமாகப் பேசுவார்கள்?

பழைய கோவாவில் இந்தச் சங்கடத்தின் மையம் பாம் ஜீசஸ் பசிலிக்கா. 1605ல் கட்டி முடித்த ஆலயம். டஸ்கனி பிரபு மூன்றாம் கோஸிமோ அனுப்பிய சலவைக்கல் மேடைமேல், வெள்ளிப் பேழைக்குள் புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல். பத்து வருடத்துக்கு ஒருமுறை அதைக் கீழே இறக்கி மக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். கடைசியாக 2024 நவம்பரிலிருந்து 2025 ஜனவரி வரை. தமிழ்நாட்டிலிருந்தும் கூட்டம் போகிறது. தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்துக் கடற்கரை ஜனங்களுக்குச் சவேரியார் சரித்திரப் பாடம் அல்ல, வீட்டுப் பெரியவர். 1542ல் முத்துக்குளித்துறைக்கு வந்து, தட்டுத்தடுமாறித் தமிழில் ஜெபம் சொல்லிக் கொடுத்தவர். அவர் வருவதற்கு முன்பே, முத்துக்குளிப்பில் எதிரிகளிடமிருந்து பாதுகாப்புத் தேடிப் பரதவர்கள் கூட்டமாக மதம் மாறியிருந்தார்கள். அதைக் கட்டாயம் என்று சொல்வதா, கணக்கு என்று சொல்வதா? அவர்களைக் கேட்டால் இரண்டையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அதே சவேரியார்தான் 1546ல் போர்ச்சுக்கல் மன்னருக்குக் கடிதம் எழுதி, இந்தியாவுக்கு இன்க்விசிஷன் தேவை என்று கேட்டவர். அது வந்து சேர்ந்தது அவர் இறந்து எட்டு வருடம் கழித்து. கடிதம் ரகசியம் அல்ல, சவேரியாரின் கடிதத் தொகுப்புகளிலேயே இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லும் ஒரு பலகை பழைய கோவாவில் வைக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2024 அக்டோபர் காட்டியது. சவேரியாரின் உடலுக்கு டி.என்.ஏ. சோதனை செய்ய வேண்டும் என்று ஒருவர் பேச, ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். சாலை மறியல், வழக்கு, கைதுக் கோரிக்கை. அது ஆராய்ச்சியாளரின் கேள்வி அல்ல, சீண்டல் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சீண்டல் இல்லாமல் கேட்டால் அதே சோதனைக்கு என்ன மதிப்பு என்பதற்கும் பழைய கோவாவிலேயே பதில் இருக்கிறது. குன்றின்மேல் புனித அகுஸ்தீன் தேவாலயத்தின் ஒற்றைக் கோபுரம் 46 மீட்டர் உயரத்தில் இடிந்து நிற்கிறது. இதை இடித்தது பீரங்கி அல்ல. 1835ல் போர்ச்சுக்கல் அரசே துறவு சபைகளைக் கோவாவிலிருந்து வெளியேற்றியது. மடங்கள் அனாதையாயின. 1842ல் கூரை விழுந்தது. தன் தேவாலயங்களைக் கைவிட்டதிலும் காலனி அரசுக்குப் பங்கு உண்டு. இந்த இடிபாடுகளில் தொல்லியல் துறையினர் வருடக்கணக்கில் ஓர் அரசியைத் தேடினார்கள். ஜார்ஜியா நாட்டு அரசி கேதவன். 1624ல் பாரசீகத்தின் ஷிராஸ் நகரில், மதம் மாற மறுத்ததற்காகச் சித்திரவதை செய்து கொல்லப்பட்டவள். அகுஸ்தீன் துறவிகள் அவள் எலும்புகளைக் கோவாவுக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள். 2004ல் ஓர் எலும்புத் துண்டு கிடைத்தது. ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகம் டி.என்.ஏ. பார்த்து, அது ஜார்ஜியப் பெண்ணுடையதாக இருக்கலாம் என்றது. 2021 ஜூலையில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் புனிதப் பொருளின் ஒரு பகுதியை ஜார்ஜியாவிடம் ஒப்படைத்தார். மதத்தின் பெயரால் கொல்லப்பட்ட ஓர் அயல்நாட்டு அரசிக்கு அத்தனை அக்கறையும் மரியாதையும் கிடைத்தது. அதே குன்றிலிருந்து கூப்பிடு தூரத்தில், மதத்தின் பெயரால் விசாரிக்கப்பட்ட கொங்கணிப் பெண்களுக்கு ஒரு கல்கூட நடப்படவில்லை.

தமிழ் வாசகர்கள் பழைய கோவாவில் தேடிப் பார்க்க இன்னொன்றும் இருக்கிறது. சாலையோரம் முன்முகப்பு வளைவு மட்டும் தனியாக நிற்கும் புனித பவுல் கல்லூரி. இந்தியாவில் முதல் அச்சு இயந்திரம் 1556ல் இந்தக் கல்லூரிக்குத்தான் வந்தது. 1578ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலுக்கான தமிழ் எழுத்துகளில் ஒரு பகுதி அதற்கு முந்தைய வருடம் கோவாவில் வார்த்தவை. கொங்கணியை ஒழிக்கப் பார்த்த அதே அதிகாரத்தின் நிழலில்தான் தமிழ் அச்சேறியது. வளைவுக்கு அப்பால் புதர். மாடுகள் மேய்கின்றன.

யாத்திரை பஸ்களில் வருபவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் இருப்பதில்லை. பசிலிக்காவில் வரிசை, மெழுகுவர்த்தி, ஜெபமாலைக் கடை, சோடா, பிறகு மட்காவ் போக வேண்டும். கதீட்ரலுக்குள் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு அசிசி பிரான்சிஸ் தேவாலயத்துக்குள் நுழைகிறவர்கள், தரையெங்கும் பதித்த கல்லறைக் கற்களை, அவற்றின் தலைக்கவசச் சின்னங்களையும் போர்ச்சுக்கீசியப் பெயர்களையும் மிதித்துக்கொண்டே பலிபீடம் வரை போகிறார்கள். நூற்றாண்டுகளாக மிதிபட்டுப் பல பெயர்கள் தேய்ந்துவிட்டன. அதே வளாகத்தில் மியூசியத்தின் வாசலை எட்டிப் பார்ப்பவர்களில் சிலர் டிக்கெட் வாங்குகிறார்கள். வெள்ளிக்கிழமை என்றால் அதுவும் இல்லை. அன்று மியூசியத்துக்கு விடுமுறை. விஷ்ணுவும் வைசிராய்களும் பூட்டிய கதவுக்குள் தனியாக இருப்பார்கள்.